மெசினும்மாவின் புள்ளடி

அன்பு மகனுக்கு,

இதை எழுதுவதற்கே முதலில் என்னைப் பொறுத்துக்கொள். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற பிள்ளைக்குக் கடிதம் என்னத்துக்கு என்று நீ நினைப்பாய். வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் என் குரலை நானே திருப்பிக் கேட்டுவிட்டு அழித்தேன். அது வகுப்பில் பாடம் சொல்லுகிற குரலாக இருந்தது, பிழை செய்தவள் கதைக்கிற குரலாக இல்லை. உனக்குத் தெரியும், நேருக்கு நேர் கதைக்கத் தைரியம் இல்லாதவள் நான். இத்தனை வருஷம் படிப்பித்தும் ஆசிரியர் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்காருவேன்.  எனக்குத் தாளில்தான் வாய் வரும். ஆகவே சீ.ஆர். கொப்பியில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக வாசி. கடைசியில் ஒன்று கேட்கப்போகிறேன். அதை முன்னுக்கே எழுதிவிட்டால் மீதியை எழுதாமல் விட்டுவிடுவேன் என்ற பயத்தில் பின்னுக்கு வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்புகிற நேரம், மெசினும்மா நம் வாசலுக்கு வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு. நமக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவள் தையல் மெசின் மிதிக்கிற சத்தம் இன்னும் என் குசினிக்குள் அடுப்படிவரை கேட்கிறது. ஆனால் அந்த மதிலைச் சுற்றி நம் படிக்கு வர அவளுக்கு ஆறு வருஷம் எடுத்தது. இரண்டு கிழமையில் மக்காவுக்கு உம்ரா போகிறாள். பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற நம் ஊர் வழக்கப்படி வந்தாள். வந்து என்ன சொன்னாள் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அவள் போன பிறகு நான் கதவடியிலேயே நின்றேன். அவள் ஆறு வருஷமாக உன்மேல் வைத்திருக்கிற பழி என்னுடையது. என்னிடமிருந்து அறிந்துபோனவரை விட்டால், அது உனக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும். நான் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும்; எப்படிச் சொன்னேன் என்பது தெரியாது. நீ ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

நீ அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இதெல்லாம் எனக்குள் கிளம்பிவிட்டது. இரண்டு மாதமாக நான் தமிழில் கேள்வி கேட்கிறேன், நீ இங்கிலீஷில் பதில் சொல்கிறாய். அரசாங்கத்தின் மூன்று கிளைகள் எவை, சட்டம் இயற்றுவது யார், ஒரு கிளை அளவு மீறிப் போகாமல் தடுப்பது எது. இங்கே பத்தாம் வகுப்புக்குக் குடியியல் கல்வியில் நான் கரும்பலகையில் எழுதுவதும் கிட்டத்தட்ட இதுதான், நாடு மட்டும் வேறு. சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று கேட்ட அன்று நீ சிரித்தாய்.

"என்னடா சிரிப்பு?"

"பதில் தெரியும் உம்மா. தலைவரும் சட்டத்துக்குக் கீழ்ப்படியணும், எல்லாரும் கீழ்ப்படியணும். என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரப் பொடியனிட்ட இதக் கேட்டன். அவன் சொல்றான், அந்தப் பதில் புதுசா வாறாக்களுக்கு மட்டும்தான் பாடமாம்."

உன் தெருவைப் பற்றியும் அந்த நாட்களில்தான் நிறையச் சொன்னாய். தேர்தல் வந்தால் வீட்டு முற்றங்களில் வேட்பாளர் பெயர்ப் பலகையை நட்டுவைப்பார்களாம். பலகைகளைப் பிடுங்கி மாதக்கணக்காகியும் எதிரெதிர் வீட்டார் இன்னும் முகம் பார்ப்பதில்லையாம். பனிக்காலத்தில் உன் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப்போடுகிற பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு நாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டாராம். எனக்கு இன்னும் வோட் இல்லை என்றாயாம். குடுத்து வச்சவன் என்று சொல்லிவிட்டு மறுபடி அள்ளத் தொடங்கினாராம். பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில் இரண்டு பேர் தாளும் பேனாவுமாக வந்து, நம்மவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்று பெயர் எடுத்தார்களாம். "இஞ்சயும் மரைக்காயர் இரிக்காங்க உம்மா. டை கட்டியிரிக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்," என்றாய். நம் ஊர்ப் பள்ளிவாசல் பெரியவர்களான மரைக்காயர்மாரை நினைத்து நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் சிரித்தது உறுத்தியது. குடியுரிமை கைக்கு வரும்வரை இணையத்தில் எங்கேயும் ஒன்றும் எழுதாதே, எதற்கும் விருப்பம் போடாதே, கூட்டமாக நிற்கிற இடத்தில் நிற்காதே என்று கூட்டாளிமார் சொல்வதாகவும் சொன்னாய். நீ செய்வாய், மகன். பயந்து வாய்மூடி இருப்பதை உனக்கு அமெரிக்கா படிப்பிக்கத் தேவையில்லை. அதை நீ இந்த வீட்டிலேயே படித்துவிட்டுப் போனாய்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. குடிமக்களுக்கு மட்டும் உரிய ஓர் உரிமை எது? இலேசான கேள்வி.  

"வோட்டுப் போடுறது," என்றாய். "அத வாயால சொல்லுவன் உம்மா. போய்ப் போட மாட்டன். ஒரு புள்ளடிக்கு நாம பட்டது காணும்."

வாக்குரிமையைப் பற்றி வகுப்பில் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் சொல்லக்கூடியவள் நான்.  அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் நான் யாருக்குச் செய்தேன் என்பது விளங்கும். உனக்கு நாற்பத்தொரு நாளாக இருக்கும்போது எனக்குக் கம்பஸில் கடைசிப் பரீட்சை. நம் குடியில் பட்டம் வரைக்கும் போன முதல் பெண் நான். அந்த முறை எழுதாமல் விட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். இன்னொரு வருஷம் என்னை யாரும் அனுப்பப்போவதில்லை. உன் வாப்பா நல்லவர், ஆனால் பிள்ளைக்கு அவர் என்ன செய்ய முடியும். அப்போது மெசினும்மாவுக்கு ஹஸ்னா பிறந்து மூன்று மாதம். மதிலுக்கு மேலால் இரண்டு கையையும் நீட்டினாள். "இஞ்ச தா கா. அவளுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம். நீ போய் ஒண்ட பட்டத்த வாங்கிட்டு வா." பரீட்சை முடியும்வரை நீ அவளிடம் பால் குடித்தாய். மார்க்கப்படி அவள் உனக்குத் தாய், ஹஸ்னா உனக்குக் கூடப்பிறந்தவள். பேச்சு வந்ததும், அவள் எந்நேரமும் மெசினில் இருப்பதைப் பார்த்து, நீயாகவே அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாய். றஹீமா என்ற பெயரை ஊரே மறந்துவிட்டது. என் பட்டச் சான்றிதழ் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அதற்குள் பாதி அவளுடைய பால் என்று நினைத்திருக்க வேண்டும். நினைத்திருந்தால் நான் அதைச் சொன்ன இரவு வேறு மாதிரிப் போயிருக்கும்.

உனக்குப் பத்தொன்பது வயதில் வந்த தேர்தல் அது. உன் முதல் வாக்கு. ஊர் கூடி முடிவெடுத்தது: எல்லா வாக்கும் ஒரே சின்னத்துக்கு. தாய்வழியாக வருகிற ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் இருக்கிறார், தன் குடிக்கு அவர் பொறுப்பு. நம் குடிக்கு என் காக்கா, உன் மாமா. அவரைக் கெட்டவர் என்று நீ நினைத்துவிடாதே. பொம்புளப் புள்ளைக்குக் கம்பஸ் என்னத்துக்கு என்று எல்லோரும் நின்றபோது, மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய் விட்டவர் அவர். அந்தக் காலத்தில் ஊர் பயந்துபோய் இருந்தது. அவரும் பயந்திருந்தார். "நாம பிரிஞ்சு நிண்ட ஒவ்வொரு முறையும் என்னத்தக் கண்ட? கடை எரிஞ்சா கேக்க ஆளில்ல, பொடியன்களப் புடிச்சா கேக்க ஆளில்ல. இந்த முறை குடிக்கு ஒரு வாய்தான்," என்றார். பெண்களுக்கு வாக்குப்போடும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தார். படித்தவள், டீச்சர், அதுவும் அதே பாடம் படிப்பிக்கிறவள். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத எனக்கு, முப்பது பெண்கள் முன்னால் நின்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பெரிய மட்டையில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வரைந்துகொண்டு பெண்கள் கூடின வீட்டுக்குப் போனேன், உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னங்களுக்கு நீதான் நிறம் தீட்டினாய். ஊர் சொன்ன சின்னத்துக்கு நேரே பென்சிலால் இரண்டு கோட்டைக் குறுக்கே இழுத்துப் புள்ளடி போட்டுக் காட்டினேன். கோடு கட்டத்துக்கு வெளியே போனால் சீட்டுச் செல்லாமல் போகலாம் என்றேன்.

"டீச்சர், புள்ளடி கோணலாப் போனா ஆளும் கோணலாப் போவாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நேராப் போட்டனுப்பின ஆளெல்லாம் நேராவா கா போன?" என்று மெசினும்மா பின்னாலிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். வகுப்பில் நான் வாக்கின் இரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் மட்டையை வைத்துக்கொண்டு நான் நிற்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் நம் குசினிக்கு வந்தாள். நீ ரொட்டி தின்றுகொண்டிருந்தாய். கதவுநிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்: "நீ படிச்சவள், கேட்டுப் பாக்கன். உள்ளுக்கு நான் போடுறது வெளியால தெரிய வருமா?"

"தெரியாது. அது இரகசியம். சட்டம்," என்றேன்.

"சட்டமெண்டாச் சரி. நான் அந்தப் பாண்டிருப்பு லோயருக்குத்தான் போடப்போறன் கா. ஹஸ்னாட வாப்பாவப் பொலிஸ் சந்தேகத்துல புடிச்சிட்டுப் போன நேரம் நம்ம ஊரு லோயர்மார் போன் எடுக்கல்ல. அந்த மனிசன்தான் தவணைக்குத் தவணை வந்து நிண்டு எடுத்துத் தந்தார். கடைசி ரெண்டு வருஷம் அவர் என்ட வீட்டுல இருந்து கண்ண மூடினது அந்த மனிசன் தந்தது. இப்ப அவர் வோட்டுக் கேக்கார். தமிழாள், முஸ்லிம் இல்ல எண்டு நான் பேசாம இருக்கட்டா?" பிறகு உன் பக்கம் திரும்பினாள். "டேய், நீ காது கேக்காத ஆள்."

"எனக்கு ரொட்டி மட்டும்தான் கேக்குது மெசினும்மா," என்றாய்.

அவள் உன் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டுப் போனாள். அந்தக் குசினியில் மூன்று பேர் இருந்தோம். கேட்ட இரண்டு பேருக்கும் அது நம்பி ஒப்படைத்த அமானிதம். இரண்டு நாள்தான் நான் அதை வைத்திருந்தேன்.

காக்கா பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். ஊர்த் தெருக்களை ஒவ்வொரு ஒழுங்கையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "மதிலடிப் பக்கம் எல்லாரும் ஓம்தானே?" என்றார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "ஒராளத் தவிர," என்றேன். ஏன் சொன்னேன் என்று ஆறு வருஷமாகக் கேட்டுப்பார்க்கிறேன். கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிப் பழகிய பழக்கம் என்று முதலில் நினைத்தேன். என்னைப் படிக்க விட்டவரிடம் பொய் சொல்ல முடியவில்லை என்று பிறகு நினைத்தேன். இரண்டும் கொஞ்சம் உண்மை. ஆனால் ஊர்ப் பெரியவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தவளாக இருக்க நான் ஆசைப்பட்டேன். அதுதான் முழு உண்மை. காக்கா யார் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன். "மெசின்காரியா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். நான் பெயர் சொல்லவில்லையே என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயரை என் கண் சொன்னது, மகன். வாயை விடக் கண் கெட்டது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஒவ்வொருத்தியாகப் போய், தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியைத் திருப்பி எடுத்தார்கள். பாடசாலைச் சீருடைக் காலம் அது, அவளுக்கு வருஷத்தில் அதுதான் வேலை. சிலர் வெட்டின துணியை வெட்டினபடியே கொண்டுபோனார்கள். பகலுக்கு அவள் நம் படிக்கு வந்தாள். கையில் அளவெடுக்கிற இஞ்சி டேப் அப்படியே இருந்தது. "கத்த வரல்ல," என்றாள். "நான் கதைச்ச நேரம் நீங்க ரெண்டு பேர்தான் இருந்த. யாரெண்டு மட்டும் சொல்லுங்க." நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீ எழும்பினாய். "நான்தான் மெசினும்மா. பொடியன்களோட கதைக்கக்குள்ள வாய் தவறிட்டு." அவள் உன்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓ, நீயா மனே," என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீங்க இஞ்ச இரிக்கோணும், படிப்பிக்கோணும் உம்மா. நான் எப்பயும் போறவன்தானே," என்றாய். அமெரிக்காவுக்குச் சீட்டிழுப்பில் லொட்டரி விசா விழுந்த கடிதம் அலுமாரிக்குள் இருந்தது. "ஒருத்தருக்கும் சொல்றல்ல எண்டு சத்தியம் பண்ணி வல்லாஹி சொல்லுங்க." சொன்னேன். உன்னைக் காப்பாற்ற நான் மௌனமாக இருப்பதாக ஒரு தாய் சொல்லிக்கொள்ளலாம். நான் மௌனமாக இருந்தது எனக்கு வசதியாக இருந்ததால்தான்.

வாக்களிப்பு நாளன்று வரிசையில் அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடமும் பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடமும் வெறுமையாக இருந்தன.  நான் ஆறாவது ஆளாக நின்றேன். வெளியே வந்தவள் சின்னி விரலில் மை காய்வதற்கு ஊதிக்கொண்டு எல்லோரையும் கடந்து போனாள். அடுத்த கிழமை வகுப்பில் பாட ஒழுங்குப்படி வந்தது தேர்தல்கள் என்ற அலகு. வாக்கு இரகசியமானது என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இரகசியமெண்டா ஏன் மெசினும்மாட்டருந்து துணியத் திருப்பி எடுத்த?" என்று கேட்டாள். எடுத்தவர்களில் அவளுடைய உம்மாவும் ஒருத்தி. பிள்ளை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, உக்காருங்க," என்றேன். என் குடியியல் கல்வி அந்த வாக்கியத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாங்குவது சம்பளம் மட்டும்.

மூன்று மாதத்தில் ஹஸ்னாவின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர், அவர்கள் வந்தார்கள். நம் குடியிலிருந்து எவரும் போகவில்லை. மரைக்காயராக முன்னால் இருக்க வேண்டிய காக்கா அன்றைக்கு வயல் பார்க்கப் போனார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகள் நம் குடிக்கென்று விரித்த பாய்களில் வரிசையாக, மூடியபடியே இருந்தன. கூடப்பிறந்தவனாக நின்று, வந்தவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நீ, மதிலுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். பின்னேரம் சோற்றைக் கிடாரங்களில் கொட்டி லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி, சவளக்கடைப் பக்கம் வயல் வேலைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன். அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகு கல்முனை பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன். மெசினும்மாவிடம் பயணம் சொல்லாமலே போனாய். ஊர் ஒற்றுமையாக வாக்களித்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஆள் ஒரு வருஷத்துக்குள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். அவரை ஊர் விலக்கி வைக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது சந்தியில் வரவேற்பு வளைவு கட்டியது.

இனி வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்தேன். முகம் மெலிந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். "டீச்சர்," என்றாள். முந்தி அவள் என்னைக் 'கா' என்றுதான் கூப்பிடுவாள். "உம்ராவுக்குப் போறன். மருமகன் எல்லாம் செஞ்சி தந்திரிக்கார். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் குத்தம் செஞ்சிருந்தா என்னப் பொருந்திக்கங்க." அநியாயம் செய்தவளின் வாசலில் வந்து, அநியாயம் செய்யப்பட்டவள் மன்னிப்புக் கேட்டாள், மகன். நாங்க பொருந்திட்டம், நீங்களும் எங்களப் பொருந்திக்கங்க என்பதுதான் திருப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தை. முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதி வரவில்லை. அவளே கதைத்தாள்.

"மகனுக்குச் சொல்லுங்க, நான் அவனப் பொருந்திட்டன். சின்னப் புள்ள, வாய் தவறிட்டு. அதுக்குப் போய்ப் பால் குடுத்தவள் ஆறு வருஷம் கோவம் வச்சிருந்தன். கஃபாவுக்கு முன்னுக்கு நிண்டு அவன்ட பேரச் சொல்லித் துஆக் கேப்பன்."

இறங்கப் போனவள் கடைசிப் படியில் நின்று திரும்பினாள். "ஒண்டு பாத்தீங்களா டீச்சர். நான் யாருக்குப் போட்டனெண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. அது மட்டும் இன்னம் என்ட கையிலதான் இரிக்கி." சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். துணியைத் திருப்பி எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் அன்று போனாள். காக்கா வீட்டுக்கும் போனாள்.

உன் நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம். தேறிவிடுவாய். பிறகு ஒரு நாள் கையை உயர்த்தி, பிறந்த நாட்டு விசுவாசத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வேண்டுமாமே. அதற்காக எனக்கு மனவருத்தம் இல்லை. இந்த நாடு உனக்குத் தந்ததில் பெரிய பங்கு ஒரு மதில்தான். வாக்குப் போடு என்று சொல்லவும் எனக்கு முகம் இல்லை. போடுவதும் விடுவதும் உன் பாடு. ஆனால் யாராவது தன் வாக்கை உன்னிடம் நம்பிச் சொன்னால், அது பிள்ளையை ஒப்படைத்த மாதிரி என்று நினைத்துக்கொள். பக்கத்து வீட்டுக் கிழவர் மறுபடி எந்தப் பக்கம் என்று கேட்டால், மண்வெட்டியை வாங்கி அவருடைய வாசலையும் அள்ளு. தாளும் பேனாவுமாக வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதே, அவர்களும் காக்காவைப் போலப் பயந்தவர்களாக இருப்பார்கள். ஊரையும் நாட்டையும் கெட்டவர்கள் மட்டும் கெடுப்பதில்லை. பயந்தவர்களும் கெடுக்கிறார்கள். அந்தப் பயந்தவர்களுக்குச் சரியான விடையை எடுத்துக் கொடுக்கிற என்னைப் போன்ற நல்ல மாணவிகளும் கெடுக்கிறார்கள். உன் புதிய நாடு எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ சொல்வதைக் கேட்டால் அங்கேயும் மதில் எழும்புகிற சத்தம் கேட்கிறது. நீ ஒரு கல்லும் எடுத்துக் கொடுத்துவிடாதே.

இப்போது நான் கேட்க வந்தது. அவள் விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள். அவள் கஃபாவில் உன் பெயரைச் சொல்லட்டும், மன்னிக்கப்பட்டவனுடைய பெயராக வேண்டாம், பால் கொடுத்த பிள்ளையின் பெயராகச் சொல்லட்டும். அவளிடம் போய், சொன்னது நான்தான் என்று சொல்ல விரும்புகிறேன். அவள் என்னைப் பொருந்தாமல் போகலாம், பொருந்தாமலே பயணம் போகலாம். அது அவளுடைய உரிமை. சத்தியத்தை முறிப்பதற்குப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன், அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். ஆனால் இந்த இரகசியத்தில் பாதி உன்னுடையது. ஒருமுறை இன்னொருத்தியின் இரகசியத்தை அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். உன்னுடையதை உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். அந்தப் பழியை எனக்குத் திருப்பித் தா, மகன். ஓம் என்று ஒரு சொல் அனுப்பு. இல்லை என்றாலும் அனுப்பு. ஏன் என்று கேட்க மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

உம்மா